வேனில் என் முறை வந்தபோது

என் கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. வாசிக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும். சபையில் எழுந்து சாட்சி சொல்லச் சொன்னார்கள். நாலு பேர் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன்.

ஷார்ஜா தொழிற்பேட்டையில் ஒரு கராஜில் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிறேன். தங்குவது கம்பெனி கேம்ப்பில். மனைவியும் மகளும் திருநெல்வேலிப் பக்கம் ஊரில் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஆராதனைக்குப் போய்வர ஒரு வேன் உண்டு. திரும்பும்போது ஒவ்வொருவராக ஜெபக் குறிப்பு சொல்வோம். ஒருவர் மகனின் பரீட்சை என்பார், இன்னொருவர் விசா என்பார். எல்லோரும் அங்கேயே அதற்காக ஜெபிப்பார்கள். என் முறை வந்தால், "விசேஷமா ஒண்ணுமில்ல" என்பேன்.

"இவரு ஒருத்தர்தான் கர்த்தருக்கு வேலையே குடுக்காத மனுசன்" என்று டிரைவர் கிண்டலடிப்பார்.

அதே வேனில் இலங்கை மலையகத்துப் பெண் ஒருவர் வந்தார். பக்கத்தில் துபாய் அல் குசைஸில் ஒரு வீட்டில் வேலை. எல்லோரையும் போல என்னையும் "அண்ணே" என்றுதான் கூப்பிட்டார். அவர் குறிப்பு மாறவே மாறாது. ஊரில் இருக்கும் கணவரின் முதுகு வலி சுகமாக வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு வாரம் காய்ச்சலில் நான் போகவில்லை. அடுத்த வெள்ளி அவர் பிளாஸ்க்கில் கொத்தமல்லித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அதிலிருந்து போனில் பேச ஆரம்பித்தோம். சாப்பாடு, மழை, பிள்ளைகள் என்று சாதாரணப் பேச்சுதான். ஆனால் மனைவி அழைத்தால் "டூட்டியில இருக்கேன்" என்று வைத்துவிட்டு அவரோடு பேசினேன். நடுவில் எப்போதோ அந்த "அண்ணே" நின்றுபோனது. அது எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு வியாழக்கிழமை அவர் சொன்னார்: "நாளைக்கு மேடம் ஆக்கள் எல்லாரும் ஓமானுக்குப் போறாங்க. வீட்டுல நான் மட்டுந்தான். ரொட்டியும் சம்பலும் செய்றேன். சர்ச் முடிஞ்சு வாங்களேன்."

"சரி" என்றேன். ரொட்டி தின்ன மட்டும் போகப்போவதில்லை என்று எனக்குத் தெரியும்.

புது நீலச் சட்டை ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டேன். ஆராதனையில் எதுவும் காதில் ஏறவில்லை. துருவைச் சுரண்டாமல் மேலே புட்டிப் பசை பூசிப் பெயின்ட் அடித்த கார்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஷோரூம் வண்டி போல மின்னும். உள்ளே துரு தகரத்தைத் தின்றுகொண்டே போகும். அன்று அந்த நீலச் சட்டைக்குள் என் ஆத்துமா அப்படித்தான் இருந்தது. ஆனாலும் வேனில் ஏறியதும் டிரைவரிடம், "கேம்ப்ல நிறுத்த வேண்டாம், குசைஸ் வரைக்கும் வரேன், ஒரு கூட்டாளியப் பாக்கணும்" என்று சொல்லிவைத்தேன்.

குறிப்பு சொல்லும் நேரம் வந்தது. முன் சீட்டில் இருந்த அந்தப் பெண்ணின் முறை. கொஞ்சம் தயங்கினார்.

"இன்னைக்கு ஒண்ணுமில்லீங்க" என்றார்.

எனக்குத் திக்கென்றது. ஒரு வெள்ளிகூட அவர் கணவருக்கான குறிப்பை விட்டதில்லை. நான் என் ஆத்துமாவை மட்டும் கெடுக்கவில்லை; அந்த மனுசனுக்காக ஏறெடுத்த ஜெபத்தையும் அவர் வாயிலிருந்து பிடுங்கிவிட்டேன்.

அடுத்தது நான்.

"எனக்காக ஜெபிங்க. இன்னைக்குப் போகக் கூடாத ஒரு இடத்துக்குப் போறதா இருக்கேன். போகாம இருக்கணும்."

நான் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. டிரைவர்தான் பேசினார்.

"அண்ணே, ஸ்டியரிங் என் கையிலதான இருக்கு? எங்க நிறுத்தணும்னு சொல்லுங்க, முடிஞ்சுது."

"கேம்ப்ல" என்றேன்.

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு எல்லோரும் ஜெபித்தார்கள். எங்கே, யாரிடம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கேம்ப் வாசலில் இறங்கும்போது முன் சீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் கண் கலங்கியிருந்தது. முகத்தில் கோபம் இல்லை.

"எனக்கும் சேத்து ஜெபிங்க அண்ணே" என்றார்.

மறுபடி அந்த "அண்ணே"யைக் கேட்டதும் எனக்கு மூச்சு சீராக வந்தது. அறைக்குப் போய் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தேன். பசி எடுத்தது. முந்தின நாள் பருப்பும் குபூஸ் ரொட்டியும் இருந்தன. அவ்வளவு ருசியாக அதற்கு முன் சாப்பிட்டதில்லை. மனைவிக்குப் போன் போட்டேன்.

"என்ன, இன்னைக்கு டூட்டி இல்லியா?"

"இல்ல. சும்மாதான் பேசலாம்னு."

அடுத்த வெள்ளி வேனில் அவர் குறிப்பில் கணவரின் முதுகு வலி மறுபடி வந்தது. எல்லோரோடும் நானும் ஜெபித்தேன். இப்போது அவர் வேலை முடித்து ஊருக்கே போய்விட்டார்.

போன லீவில் மனைவியிடம் எல்லாம் சொன்னேன். என் பெட்டியிலிருந்து அந்தச் சட்டையை எடுத்து மடியில் விரித்தாள். பிறகு கேட்டாள்: "அதான் அந்த நீலச் சட்டையப் போடாமலே வச்சிருந்தியளா? நாளைக்கு ஞாயித்துக்கிழமை, கோயிலுக்குப் போட்டுட்டு வாங்க."

போட்டுக்கொண்டு போனேன்.

எழுதி முடித்த நாள்: பெரிய வெள்ளிக்கு முந்திய புதன், மத்தியானச் சாப்பாட்டு நேரம்.