குதிகால் ஊசியும் சுட்ட செங்கல்லும்

1991-இல் கம்பெனியில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்ததில் எனக்குக் குதிகால் வலி வந்தது. மாத்திரைக்குக் கேட்கவில்லை. ஸ்ரீபெரும்புதூர் டாக்டர் குதிகாலிலேயே ஊசி போட்டார். "கொஞ்ச நேரம் மரத்துப்போயிருக்கும், பார்த்து நடங்க" என்றார். பிள்ளைப்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது வலியே இல்லை. காலும் என்னுடையது மாதிரி இல்லை.

வீட்டில் மாமியார் செங்கல்லைச் சுட்டு, மேலே எருக்கிலை போட்டு வைத்திருந்தார். "ஊசி போட்டா இன்னா, இதையும் மிதி. சூடு தாங்கலன்னா காலை எடுத்துடு" என்றார். எனக்குக் கோபம்தான், ஆனாலும் மிதித்தேன். சூடு தாங்கியது. தாங்கிக்கொண்டே இருந்தது. இலை கருகிய வாசனை வந்த பிறகுதான் காலை எடுத்தேன்.

மறுநாள் கொப்புளத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே டாக்டர், "குதிகால் வலி எப்படி இருக்கு?" என்றார். புண்ணின் எரிச்சலுக்குள் அந்த வலியைத் தேடினேன். அகப்படவில்லை. ஊசி வேலை செய்துவிட்டது என்றார் அவர். வீட்டுக்கு வந்தால், செங்கல்தான் வேலை செய்தது என்றார் மாமியார். இரண்டு பேருக்கும் தலையாட்டினேன்.

சில மாதம் கழித்து அடுத்த குதிகாலும் வலித்தது. யார் சொல்வதைக் கேட்பது என்று புரியாமல் வாசலிலேயே நின்றேன். நின்றதில் இன்னும் வலித்தது.