அமுதா ஏற்றுக்கொண்ட தவறு

சிறைக்குள் செவிலியர் கைபேசி கொண்டுபோகக் கூடாது. வாசலில் கொடுத்துவிட்டு ஒரு டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். அன்று மாலை மூன்றரைக்கு டோக்கனைக் கொடுத்துக் கைபேசியை வாங்கிப் பார்த்தபோது, நம் நர்சிங் வகுப்புக் குழுவில் நாற்பதுக்கு மேல் செய்திகள். அமுதா டெங்குக் காய்ச்சலில் போய்விட்டாள் என்று காலை எட்டு மணிக்கே வந்திருந்தது. நான்கு மணிக்கு எங்கள் ஊர் மாரிகுப்பத்தில் அடக்கம் என்பது கடைசிச் செய்தி. பெங்களூரிலிருந்து ரயிலில் போனால் இரண்டரை மணி நேரமாகும். வாசல் காவலர் வெளியேறும் ஏட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

உங்களில் பலருக்கு அவள் ‘ஜெயில் வேலையிலிருந்து துரத்தப்பட்டவள்’. அந்தப் பெயர் அவளுக்குப் பிறகும் நிற்கக் கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

படிப்பை முடித்து நாம் அலைந்தது நினைவிருக்கும். எந்த ஆஸ்பத்திரியிலும் அனுபவம் கேட்டார்கள். வேலையே தராமல் அனுபவத்துக்கு எங்கே போவது? ராபர்ட்சன்பேட்டை பஜாரில் போண்டா மடித்துத் தந்த கன்னடப் பத்திரிகைத் தாளில், சிறை மருத்துவப் பிரிவுக்கு ஒப்பந்தச் செவிலியர் தேவை என்பதை அமுதாதான் பார்த்தாள். எண்ணெய் ஊறிய தாளோடு எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தாள். நேர்காணலில் பயமில்லையா என்று கேட்டார்கள். அவள் கன்னடத்தில் பட்டென்று சொன்னாள்: “எங்கள் தாத்தா தினமும் டோக்கன் வாங்கிக்கொண்டு கேஜ் கூண்டில் ஏறித் தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கியவர், சார். நாங்கள் தரை மேல்தானே இருக்கப்போகிறோம்?”

வேலைக்கு முன் விசாரிக்கப் போலீஸ்காரர் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய எங்கள் லைன் வீடுகளுக்கு வந்தார். யாரைப் பிடிக்க வந்தாரோ என்று தெருவே கூடிவிட்டது. என் அம்மா கூசிப்போய், எனக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை என்று சொல்லி வைத்தாள். நானும் மறுக்கவில்லை. அமுதாவோ, கேட்டவர்களிடமெல்லாம், “எனக்கு ஆயுள் தண்டன குடுத்துட்டாங்க அத்த, சம்பளத்தோட!” என்று சிரித்தாள்.

பெண்கள் பிரிவில் எங்களுக்கு வேலை. யார் என்ன குற்றம் செய்தவர் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. ஒருமுறை அதட்டினாள்: “இன்னா பண்ணாங்கன்னு கேக்காத ரேவதி. இன்னா வலிக்குதுன்னு கேளு.”

சிறையில் மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட முடியாது. நம் எதிரில் விழுங்க வைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கின் அடிவரை பார்க்க வேண்டும். எனக்கு அது மனிதரை அவமதிப்பதாகப் பட்டது. ரயிலைப் பிடிக்கும் அவசரமும் இருந்தது. வெளியே வார்டுகளில் செய்வது போல, தூக்கம் வராத ஒரு பெண்ணுக்கு மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்து, “அப்புறம் போட்டுக்குங்கம்மா” என்று சொல்லிவிட்டு வந்தேன். பல நாள் அப்படியே செய்தேன். அவர் ஒன்றையும் விழுங்கவில்லை. சேர்த்து வைத்து ஒரே நாளில் விழுங்கினார். பிழைத்துக்கொண்டார்.

விசாரணை அறைக்கு வெளியே இருவரும் காத்திருந்தோம். அமுதா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ ஒன்னியும் சொல்லாத. உங்கப்பா மூச்சு வாங்கிகினு படுத்துகினு இருக்கறாரு. எங்க வீட்டுல அண்ணன் சம்பாரிக்கறான்.”

“இன்னாடி பேசற?”

“எனக்கு வேற வேல கெடைக்காமயா பூடும்?”

அப்பாவின் நுரையீரலில் சுரங்கத் தூசி. அவருடைய மருந்து என் சம்பளத்தில். உள்ளே போய் அமுதா, “நான்தான் கொடுத்தேன்” என்றாள். நான் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வேறு வேலை கிடைக்கவில்லை. ஏன் நீக்கப்பட்டாய் என்று போன இடமெல்லாம் கேட்டார்கள். கடைசியில் பெங்களூரில் படுத்த படுக்கையான முதியவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்துக்கொண்டாள். மாற்று ஆள் இல்லையென்று காய்ச்சலோடே ஒரு வாரம் போயிருக்கிறாள்.

காரியத்தன்று அவளுடைய அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் அழவில்லை.

“தெரியும்மா. அன்னிக்கே சொல்லிட்டா. ‘ரேவதியே ஒரு நாளு வந்து சொல்லுவா, நீ கேக்காத’ன்னா. மூணு வருசமா நீ வருவேன்னு பாத்துகினு இருந்தா.”

மறுநாள் நடந்ததையெல்லாம் எழுதிச் சிறை அலுவலகத்தில் கொடுத்தேன். பதில் இன்னும் வரவில்லை. அப்பாவிடமும் சொன்னேன். “லேட்டு பண்ணிட்டம்மா” என்று மட்டும் சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அமுதாவுடையதாக என்னிடம் இருப்பது இந்த வேலை. இன்று காலையும் முதலில் வந்த பெண்ணிடம் என்ன வலிக்கிறது என்றுதான் கேட்டேன். நாளை என்னைப் போகச் சொன்னால் போவேன். மூன்று வருடமாக நான் அவளுடைய இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.