சிறுகுறிஞ்சானும் பக்கத்து வீட்டு ரசகுல்லாவும்

இன்று வண்டூர் பஸ்ஸில் ஒருவர் சர்க்கரை நோய்க்குச் சிறுகுறிஞ்சான் பொடி விற்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எழுபதுகளில் இதே தீவில், பத்துபஸ்தி என்ற இடத்தில் குடியிருந்தோம். என் கணவருக்குச் சர்க்கரை இருப்பதே எனக்குத் தெரியாது. கடலுக்கு அந்தப் பக்கம், மெயின்லேண்டிலிருந்து கப்பலில் காய்ந்த சிறுகுறிஞ்சான் இலையை வரவழைத்து ரகசியமாக மென்றுகொண்டிருந்தார். அதை மென்றால் கொஞ்ச நேரத்துக்கு நாக்கில் இனிப்பே தெரியாது.

ஒரு நாள் நாங்கள் தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்மணியின் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரின் ஜீப் வாசலில் வந்து நின்றபோது, ருசி பார்க்கச் சொல்லி என் கணவருக்கு ஒரு ரசகுல்லா கொடுத்தார் தீதி.

"தீதி, இதுல சீனியே இல்லையே."

"சீனி நஹி?" தீதிக்கு முகம் வெளிறிவிட்டது. வீட்டிலிருந்த சீனி முழுவதையும் பாகில் கொட்டினார்.

இவர் மறுபடி ருசி பார்த்தார். "இப்பவும் இல்லை."

நான் ஒன்றை வாயில் போட்டேன். பல் கூசியது. "எங்க, வாயைத் திறங்க" என்றேன். பல்லிடுக்கில் இலைத் துணுக்கு.

உண்மை வெளியே வந்தது. "சொன்னா நீ பயந்துடுவேன்னுதான்" என்றார்.

"நான் பயப்படலை. இனிமே நீங்க பயப்படுங்க."

மறுநாளே டாக்டரிடம் இழுத்துப் போனேன். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அப்பா அந்த ரசகுல்லாவை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கல்யாணமும் நடந்தது.

அந்த இலை ரத்தத்தில் சர்க்கரையைக் குறைக்குமா என்று டாக்டரைக் கேளுங்கள். வீட்டில் மரியாதையைக் குறைக்கும், அதற்கு நான் சாட்சி.

உங்கள் வீட்டுக்காரர் எதை ஒளித்து மெல்லுகிறார்?