மால்டாவில் மாடியேறிய ஆடு

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த ஆண்டில், கப்பல் சமையல்காரர் மருதமுத்து காஜா பேராங் என்ற ஊருக்குப் பெண் பார்க்க வந்தார். மால்டா தீவில் சில நாள் தங்கியவர் என்றதும் பெண்ணின் அப்பா கணேசமூர்த்தி முகம் சுளித்தார். கப்பல்காரர்கள் குடித்துக் கூத்தடிக்கும் ஊராயிற்றே அது!

“அங்க என்ன தம்பி செஞ்சீங்க?”

பெண் சந்திரமதியை மருதமுத்துவுக்குப் பிடித்துவிட்டது; கவனமாகப் பதில் சொன்னார். “கிராமத்துப் பக்கம் நடந்தேன் மாமா. பால்காரன் ஆட்டை மாடிக்கே ஏத்திக் கறக்கிறான்.”

“குடிக்கலையா?”

“குடிச்சேன். ஆட்டுப்பால்.”

கணேசமூர்த்தி அவரைக் கொல்லைப்புறம் அழைத்துப் போனார். “இங்க பொம்பளைங்க இல்ல. இப்ப சொல்லுங்க.”

மருதமுத்து யோசித்து, அந்த ஆட்டுக்கு ஒரு கொம்பு உடைந்திருந்ததையும் சொன்னார்.

கணேசமூர்த்தி ஏமாற்றத்தோடு உள்ளே வந்து மனைவியிடம் சொன்னார்: “பொன்னம்மா, தட்டு மாத்திடலாம். பொய்யா இருந்தா இவ்வளவு சப்புன்னு இருக்காதுலா!”