தோற்றவர் தரும் பரிசு

ராஜகீழ்ப்பாக்கத்தில் நாங்கள் வசிக்கும் அடுக்ககத்தில் பொங்கல்தோறும் பட்டிமன்றம் உண்டு. தமிழ் படித்தவன் என்ற ஒரே காரணத்தால் நடுவர் பொறுப்பு என்னிடம் வந்து சேரும். சென்ற பொங்கலுக்குச் குடியிருப்போர் சங்கச் செயலாளர் தந்த தலைப்பு, ‘நமக்குத் தேவை ஆழ்துளைக் கிணறா, தண்ணீர் லாரியா?’

அது வெறும் வேடிக்கைத் தலைப்பு அன்று. கோடையில் எங்கள் ஆழ்துளைக் கிணறு வற்றியபோது, முதல் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி அதை ஆழப்படுத்த வேண்டும் என்றார். மூன்றாம் மாடியில் இருக்கும் வங்கி ஊழியரான பெண்மணி லாரியே போதும் என்றார். சொல் தடித்தது. பலகாரம் பரிமாறிக்கொண்டிருந்த இரு வீடுகளும் லிப்டில்கூட முகம் பார்ப்பதை நிறுத்தின. செயலாளர் அவ்விருவரையே அணித் தலைவர்களாக்கினார்.

“மேடையிலயே பேசி முடிச்சுக்கட்டும் சார்.”

முறிவு நிலைத்துவிடுமோ என்று அஞ்சினேன்.

அப்போது, பண்டைய மெசொப்பொத்தேமியாவின் சுமேரியர் களிமண் பலகைகளில் எழுதிவைத்த வழக்காடற் பாடல்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். அவற்றில் ஏரும் மண்வெட்டியும் வாதிடுகின்றன. ஒவ்வொன்றும் தன்னை உயர்த்தி எதிரியை இழித்துரைக்கிறது. பாபிலோனியர் அவ்வடிவத்தைத் தொடர்ந்தனர். பின்னர் சிரியாக், அரபு, பாரசீக மொழிகளிலும் அது வாழ்ந்தது. தமிழுக்கு வந்ததற்குச் சான்று இல்லை. வந்தது என்று நானும் சொல்லவில்லை. என்னைக் கவர்ந்தது முடிவுதான். நம் நடுவர்கள் ‘இரண்டும் தேவை’ என்று சொல்லிச் சாப்பிட அனுப்பிவிடுவார்கள். அங்கோ தீர்ப்பு ஐயமற்றது. ஒரு பாடலில், குளிர்காலத்திடம் வாதில் தோற்ற கோடை, வணங்கிப் பரிசளிக்கிறது. பிறகு இரண்டும் சேர்ந்தமர்ந்து குடிக்கின்றன. அம்முறையையே கைக்கொண்டு, தோற்றவர் வென்றவருக்குப் பரிசளிக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே அறிவித்தேன்.

“லாரிக்காரன் போன் எடுத்தாத்தான் தண்ணி. கிணறு யாரையும் கெஞ்சாது,” என்றார் அதிகாரி.

“கெஞ்சாதுதான் சார். போன மே மாசம் குழாயத் திறந்தா வெறும் காத்துதான் ஊதுச்சு,” என்றார் பெண்மணி.

லாரி கொண்டுவருவதும் எங்கோ ஒரு கிணற்றின் நீரே என்பதால், கிணற்றுக்கே வெற்றி என்றேன். பெண்மணி எழுந்து மேலே போய்விட்டார். கைதட்டல் பாதியில் நின்றது. வழக்கம்போல ‘இரண்டும் தேவை’ என்று முடித்திருக்கலாம் என்று தோன்றியது.

சற்றுநேரத்தில் லிப்ட் திறந்தது. அவர் எவர்சில்வர் குடம் ஒன்றைக் கொணர்ந்து அதிகாரியின் முன் வைத்தார்.

“இந்தாங்க சார், பரிசு. லாரித் தண்ணி. அந்தக் கிணத்து உப்புத் தண்ணியில காபி குடிச்சுக்கிட்டு எப்படித்தான் இவ்வளவு பேசுறீங்களோ.”

அவையினர் சிரித்தனர். அதிகாரி சிரிக்கவில்லை, குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்க வீட்ல காபி போடறது நான்தாம்மா. வாங்க, இதுலயே போடறேன். குடிச்சுட்டு வித்தியாசம் இருக்கான்னு நீங்களே சொல்லுங்க.”

“இருந்தா ஒத்துக்குவீங்களா?”

“முதல்ல குடிங்க.”

குடத்தை அதிகாரியே தூக்கிக்கொண்டார். இருவரும் வாதிட்டபடியே லிப்டில் ஏறினர். நடுவரை யாரும் அழைக்கவில்லை.