ஆம்பூர் உலர்த்தும் அறையில் ஆறு பெட்டிகள்

அம்பத்தூரில் பன்னிரண்டு பேரை வைத்து அட்டைப்பெட்டி செய்கிறேன். மழைக்காலம் வந்தால் காகிதம் ஈரம் குடித்து, செய்த பெட்டியெல்லாம் நிற்கத் தெம்பில்லாமல் குழைந்துபோகும். அறையின் ஈரப்பதத்தைத் தானே அளந்து, மின்விசிறியைத் தானே போட்டு நிறுத்தும் சென்சார் வாங்கலாமா என்று ஒரு வருடமாக யோசனை. விற்க வருகிறவர்கள் லேப்டாப்பில் பச்சை, சிவப்பு என்று வண்ணம் காட்டுகிறார்கள். ஓடுகிற தொழிற்சாலை ஒன்றைக் காட்டுங்கள் என்றால் பேச்சை மாற்றுகிறார்கள். அதனால் ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு புதன்கிழமை, நானே ஆம்பூர் கிளம்பிவிட்டேன். வேலூர் பாலிடெக்னிக் விடுதியில் என் அறைத்தோழியாக இருந்த எஸ்தர், அங்கே ஒரு தோல் தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறுப்பாளர். நான்கு மாதம் முன்பு முதலாளியிடம் மல்லுக்கட்டி அங்கே சென்சார் பொருத்தியவளும் அவள்தான்.

நேரே ஆம்பூர் போகும் ரயிலைக் கோட்டைவிட்டேன். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். பெரம்பூரில் காலை 6.40க்கு ஏறி 8.45க்குக் காட்பாடி, டிக்கெட் 75 ரூபாய். அங்கிருந்து வேலூர் புது பஸ் ஸ்டாண்டுக்கு டவுன் பஸ்ஸில் 15 ரூபாய். ஆம்பூருக்கு 50 கிலோமீட்டர், 48 ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். விரிஞ்சிபுரம் பக்கம் பாலாற்றில் நிஜமாகவே தண்ணீர் ஓடியது. வெளியூர்க்காரர்களுக்கு ஆற்றில் தண்ணீர் ஓடுவது ஒரு செய்தியா என்று தோன்றும். நான் பிறந்து வளர்ந்தது இந்தப் பாலாற்றுப் பக்கம்தான்; பஸ்ஸில் பாதிப் பேர் எழுந்து நின்று போட்டோ எடுத்தோம்.

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து தொழிற்சாலைக்கு நான்கு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 100 ரூபாய். டிரைவரிடம் இடத்தைச் சொன்னதும் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அந்த மெஷினுக்குப் பேய் புடிச்ச கம்பெனியா மேடம்? என் வூட்டுக்காரம்மா அங்கதான் தையல்ல இருக்குது. தோலு காஞ்சாலும் காயலன்னே சொல்லுதாம் அந்தப் போர்டு."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. நான் வாங்க நினைத்ததும் அதே வகைப் பெட்டிதான்.

கேட்டிலேயே எஸ்தர் நின்றிருந்தாள். தூக்கமில்லாத முகம். "இன்னாடி, கரெக்டா இன்னிக்குத்தான் வருவியா? சாயந்தரம் நாலு மணிக்கு எல்லாத்தையும் கழட்ட ஆள் வர்றாங்க" என்றாள்.

நடந்தது இதுதான். பதனிட்ட தோலை மேலே ஓடும் சங்கிலியில் தொங்கவிட்டு உலர்த்தும் அறை ஒன்று. அதில் ஆறு சென்சார் பெட்டிகள், அவை அளப்பதைக் காட்டச் சுவரில் ஒரு போர்டு. காற்றில் ஈரம் குறைந்துவிட்டது என்று பெட்டிகள் சொன்னால் சூடும் விசிறியும் தானாக நின்றுவிடும். மூன்றரை மாதம் சொன்னபடி கேட்டவை, கடைசி இரண்டு வாரமாக எந்நேரமும் ஈரம் எண்பது சதவீதத்துக்கு மேலேயே காட்டின. மழைதான் காரணம் என்று எல்லோரும் நினைத்தார்கள். விசிறி நிற்காமல் ஓடி, இரண்டு லாட் தோல் அப்பளமாக விறைத்துவிட்டது. அடுத்துத் தோல் பதனிடும் பெரிய டிரம்களுக்கும் சென்சார் போட்டு, அதற்கென்று ஒரு பிரிவே எஸ்தர் பொறுப்பில் வருவதாக இருந்தது. இப்போது அந்தப் பேச்சே போய், பழையபடி மெஷின்களுக்குப் பெல்ட் மாட்டும் வேலைக்கு அவள் திரும்ப வேண்டியதுதான்.

முதலாளி அன்சர் பாய் கோபக்காரர் இல்லை. டீ கொடுத்து உட்காரவைத்து, என் எதிரிலேயே அவளிடம் சொன்னார்: "எஸ்தர்மா, உன்னை நம்பாம இல்ல. ஆனா பேஜார் ஜாஸ்தி ஆயிடுச்சு. கைய வச்சுப் பாத்தே நம்ம ஆளுங்க இத்தினி வருஷம் ஓட்டல? அப்படியே ஓட்டிக்கலாம்." "சரி பாய்" என்றாள் எஸ்தர். ஹாஸ்டல் வார்டனிடமே எதிர்த்துப் பேசியவள் அவள். அவள் "சரி" என்றதைக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை.

கேன்டீன் சாப்பாடு நன்றாகவே இருந்தது. (ஆம்பூர் வந்து பிரியாணி பற்றி எழுதவில்லையே என்று கேட்காதீர்கள். அன்றைக்கு எனக்குச் சாம்பார் சாதமே இறங்கவில்லை.) 3.30க்கு, சொன்ன நேரத்துக்கு முன்பே, பெட்டி விற்ற கம்பெனி ஊழியர் ஸ்க்ரூடிரைவரோடு வந்துவிட்டார். எல்லோருமாக உலர்த்தும் அறைக்குப் போனோம். அப்போதுதான் பெட்டிகளைப் பக்கத்தில் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் பழுப்புத் தோலில் சட்டை! ஓரமெல்லாம் இரட்டைத் தையல், கழுத்தில் குட்டி பட்டன், மேலே காய்ந்த சந்தனப் பொட்டு. ஆயுத பூஜைக்கு மெஷின்களைத் துடைத்துப் பொட்டு வைத்தபோது, புதிதாய் வந்த சென்சார்களுக்குப் புதுச்சட்டை இல்லாமலா என்று தையல் பிரிவிலிருந்து தைத்துப் போட்டிருக்கிறார்கள்.

தைத்தவர் செல்வி அக்கா. தையலுக்குப் போகும் முன் எட்டு வருடம் இதே உலர்த்தும் அறையில் வேலை பார்த்தவர். அவரும் வந்து நின்றார். "பெட்டி அவங்களுது, எடுத்துக்கினு போவட்டும். சட்டை நம்மளுது, குடுத்துட்டுப் போவச் சொல்லு" என்று முதல் பெட்டியின் பட்டனைக் கழற்றி உறையை உருவினார். உறைக்குள் விரலை விட்டு அழுத்தினார்.

"எஸ்தரு, உள்ள சொதசொதன்னு கீதும்மா."

பெட்டிக்கு அடிபடக் கூடாது என்று ஷூவுக்குள் வைக்கும் ஸ்பாஞ்சை உள்ளே வைத்துத் தைத்திருந்தார். தினமும் காலையில் தரையும் சுவரும் கழுவும்போது தெறிக்கும் தண்ணீரை அந்த ஸ்பாஞ்ச் குடித்திருக்கிறது. சென்சார் இரண்டு வாரமாக அறையின் ஈரத்தைச் சொல்லவில்லை. தன் சட்டையின் ஈரத்தைச் சொல்லியிருக்கிறது.

யாரும் கேட்கவில்லை, செல்வி அக்காவே அன்சர் பாய் பக்கம் திரும்பினார். "பாய், தச்சது நானு. ரெண்டு லாட்டும் என்னாலதான் போச்சு."

"படிச்சவ நானு. காத்துப் போற ஓட்டைய மூடியிருக்குதேன்னு பாக்காம, அழகா இருக்குதுன்னு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வச்சவளும் நான்தான்" என்றாள் எஸ்தர்.

அன்சர் பாய் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "சூப்பரா கீதுன்னு சொல்லி ஸ்வீட் பாக்ஸ் குடுத்தது நானு. மூணு பேரும் நின்னு அழகு பாத்திருக்கோம். மொதல்ல எல்லாத்தையும் கழட்டுங்க."

ஆறு உறைகளும் கழன்றன. பெட்டிகளைத் துடைத்துவிட்டுக் காத்திருந்தோம். போர்டில் 84 இருந்தது. பத்து நிமிடத்தில் 71, பிறகு 63. காலையில் ஏற்றிய லாட் தலைக்கு மேல் ஆடிக்கொண்டிருந்தது. அன்சர் பாய் சொல்ல, செல்வி அக்கா ஒரு தோலை இழுத்து மடித்து, புறங்கையில் ஒற்றிப் பார்த்தார். "பதம் வந்துடுச்சு பாய். இதுக்கு மேல வுட்டா வெறச்சிடும்." எஸ்தர் சுவிட்ச் பக்கம் போகாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். நான்காவது நிமிடம் விசிறிகள் எல்லாம் தாமாகவே நின்றன. அந்த அமைதியில் நான் கை தட்டிவிட்டேன். விருந்தாளி கை தட்டலாமா என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை. ஒரு கைக்கும் ஆறு பெட்டிகளுக்கும் நான்கு நிமிடமே வித்தியாசம் என்றால், கையைத்தான் முதலில் பாராட்ட வேண்டும். என் ஊர்க் கை அது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஊழியர் ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். தெரிந்தவர் மூலம் முன்கூட்டியே அனுமதி வாங்காமல் எந்தத் தொழிற்சாலைக் கேட்டிலும் விடமாட்டார்கள். மூடிய செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், தரை எப்போதும் ஈரம். சென்சார் விற்பவரிடம் விலை கேட்பதற்கு முன், கழுவும் தண்ணீர் எதுவரை தெறிக்கும் என்று உங்கள் துப்புரவுப் பணியாளரிடம் கேளுங்கள். பொருத்திய பிறகும் ஒரு மாதம், கை சொல்வதையும் போர்டு சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவாருங்கள். இரண்டும் விலகினால், முதலில் கை சொல்வதைக் கேட்டுப் பெட்டியைப் போய்ப் பாருங்கள். நான் மூன்று பெட்டிக்குச் சொல்லிவிட்டேன். எங்கே மாட்டுவது என்பதை என் பட்டறையில் பசை போடும் அம்மா முடிவு செய்வார்.

5.30க்கு நான் கிளம்பும்போது, டிரம்களுக்கான சென்சார் பட்டியலை எழுதச் சொல்லிவிட்டார் அன்சர் பாய். எஸ்தர் அழுதுகொண்டே எழுதினாள், அதை நான் பார்ப்பதற்காக நடுநடுவே என்னை முறைத்தாள். அவளுடைய புதுப் பிரிவுக்கு முதல் ஆளாகப் போர்டு பார்க்கச் செல்வி அக்காவைப் போட்டாயிற்று. "எனக்கு அதெல்லாம் தெரியாதே பாய்" என்று அவர் சொன்னதற்கு, "பெட்டிக்கு மட்டும் இன்னா தெரிஞ்சுது? நீ சொல்லிக் குடு" என்று பதில் வந்தது.

கேட்டருகே செல்வி அக்கா வீட்டுக்குப் போன் செய்துகொண்டிருந்தார். முதுகு நேராக, குரல் சற்று உரக்க, வாட்ச்மேனுக்கும் கேட்கும்படியாக:

"ஏங்க, இன்னிக்கு நீங்களே சோறு வடிச்சுடுங்க. எனக்கு ட்ரெய்னிங் கீது."