சாலை பக்கம் மாறிய காலை

உராசோவே நெடுஞ்சாலையில் நாபே சோற்றுக்கடை வைத்திருந்தாள். டப்பா பன்றிக்கறியைப் பொரித்து, முட்டையோடு சோற்றில் வைத்து அழுத்தித் தருவாள். நாஹா நகருக்கு வேலைக்குப் போகிறவர்கள் கடை முன்னால் வண்டியை நிறுத்தி வாங்கிக்கொண்டு போவார்கள்.

அமெரிக்கன் வந்த நாள் முதல் ஒகினாவாவில் வண்டிகள் வலப்பக்கம்தான் ஓடின. தீவு ஜப்பானிடம் திரும்பி ஆறு வருடமான பிறகு, 1978 ஜூலை 30 ஞாயிறு விடியலிலிருந்து இடப்பக்கம் என்று உத்தரவு வந்தது. இனி நாஹா வண்டிகள் எதிர்ப்பக்கம் போகும். அந்தப் பக்கம் காய்கறிக் கடை வைத்திருந்த உஷி முன்னதாகவே சோற்று அண்டா வாங்கிவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமையோட உன் அடுப்பு அணையுதுடி!" என்று சாலைக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினாள்.

"அணைஞ்சா அந்தக் கொள்ளியை உன் கூரையிலதான் சொருகுவேன்."

திங்கட்கிழமை நாபேயின் கடைக்கு ஒருவரும் வரவில்லை. தட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு சாலையைக் கடந்தாள். பழக்கதோஷத்தில் இடப்பக்கம் பார்த்துக் காலை வைத்தாள். பேருந்து வலப்பக்கமிருந்து வந்தது. ஜப்பானிலிருந்து காவலுக்கு வந்திருந்த இளம் போலீஸ்காரன் அவளை இழுத்துப் போட்டான். சோறெல்லாம் தாரில் சிதறியது. உஷி வாய்விட்டுச் சிரித்தாள்.

"அம்மா, ரோட்டுல விக்கக் கூடாது. நகருங்க" என்றான் போலீஸ்காரன்.

"எங்கடா நகர? அமெரிக்கனோட நடந்த சண்டையில குண்டு விழுறப்போ உங்க ஜப்பான் பட்டாளத்தான் இதையேதான் சொல்லி எங்களைக் குகையை விட்டுத் துரத்தினான். எங்கம்மா வாசல்லயே செத்தா."

"அப்ப நான் பொறக்கவே இல்லம்மா."

"இப்பப் பொறந்துட்டியே!"

அவன் முகம் சிவந்து ஒதுங்கினான். அவளுக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை.

உஷியின் கடையை ஒட்டி முடிதிருத்துகிறவர் கியானுக்கு ஒரு முன்னறை காலியாகக் கிடந்தது. நாபே அதைக் கேட்டாள். "அவளுக்குக் குடுத்தா உங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்" என்று உஷி மிரட்டினாள்.

"முழிக்காம இருந்தா ரொம்ப நல்லது" என்ற கியான் அன்றே சாவியை நாபேயிடம் கொடுத்தார்.

அதன்பின் தினமும் சண்டைதான். உஷி காய் கழுவிய தண்ணீரை நாபேயின் வாசலில் ஊற்றினாள். நாபே பொரிக்கும் புகையை அவள் பக்கம் விசிறினாள். ஆனால் உஷியின் சோறு கையிலேயே உதிர்ந்தது. ஓட்டுநர்கள் மெல்ல மெல்ல நாபேயிடம் திரும்பினார்கள். குளிர்காலத்துக்குள் உஷி அண்டாவை விற்றுவிட்டாள்.

இருவரும் அதற்குப் பிறகு ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை. முள்ளங்கி வேண்டுமென்றால் நாபே பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போய் வாங்கி வந்தாள்.